450 ஹெலிக்கு மோட்டர்: கேவி கூடினால் பவர் கூடுமோ?

12 பெப்ரவரி 2022 (கேள்வி)

அண்ணைமார், எனக்கு றிமோட்டில பறக்கிற ஒரு பழைய 450 சைஸ் மொடல் ஹெலி கிடைச்சிருக்கு. ஃபிரேம் நல்லாயிருக்கு, பிளேட் 325, பெரிய கியர் 150 பல்லு, மோட்டர் மட்டும் இல்லை. ஒரே கொம்பனியில ஒரே சைஸில ரெண்டு மோட்டர் பாத்து வச்சிருக்கிறன், ஒண்டு 3500 கேவி, மற்றது 4400 கேவி, விலையும் ஒண்டுதான். கேவி கூடினது தானே பவர் கூட, அப்ப 4400 ஐ எடுப்பம் எண்டு நினைக்கிறன். பற்றறி 3 செல் 2200. மல்லாவியில இருக்கிறன், இஞ்ச கேக்க ஆக்கள் இல்லை.

12 பெப்ரவரி 2022, இரவு

எடுக்காதையும் தம்பி. இதை வாசிச்சிட்டு முடிவெடும். கேவி எண்டது பாரம் ஒண்டும் இல்லாம ஒரு வோல்ட்டுக்கு மோட்டர் நிமிசத்துக்கு எத்தினை சுத்து சுத்தும் எண்ட கணக்கு மட்டும்தான். லான்ட்மாஸ்டரை (ரெண்டு சில்லு உழவு மிசினை) பெரிய கியரில போட்டு றோட்டில விட்டால் கெதியாப் போகும், அதுக்காக எஞ்சின்ர குதிரைவலு கூடிப்போச்செண்டு ஆரும் சொல்லுறேல்லையே, அதே கியரோட சேத்துக்குள்ள இறக்கினால் என்ன நடக்கும் எண்டு உங்கட ஊரில சின்னப் பெடியனுக்கும் தெரியும்.

கணக்கைப் பாரும். 3 செல் எண்டால் 11.1 வோல்ட். 3500 ஐ அதால பெருக்கினால் 38,850. பாரத்தில அவ்வளவு வராது, நான் எப்பவும் 85 வீதம் எடுக்கிறனான், அப்ப 33,000 சொச்சம். பினியன் (மோட்டர்த் தண்டில பூட்டுற சின்னக் கியர்) 13 பல்லு எண்டால் 150 ஐ 13 ஆல பிரிக்க 11.54, அதால பிரிச்சால் மேல பிளேட் நிமிசத்துக்கு 2860 சுத்து. 450க்கு இது நல்ல வேகம். அதே பினியனோட 4400 ஐப் பூட்டினால் 3600 அளவில வரும். பிளேட் சுத்துற வட்டம் 71 சென்ரிமீட்டர், அப்ப நுனி மணிக்கு 480 கிலோமீட்டரில போகுது. மலிவான மரப் பிளேட்டைப் போட்டுக்கொண்டு அதுக்குப் பக்கத்தில நிக்க எனக்குப் பயம், நீரும் நிக்காதையும்.

இன்னொண்டு, கேவி குறைஞ்சதுக்கு டோர்க்கும் (முறுக்கு விசையும்) கூட. ஒரு அம்பியருக்கு 3500 காரன் 2.7 மில்லிநியூட்டன் மீட்டர் தருவான், 4400 காரன் 2.2 தான். அதால 3500 தான் பலசாலி.

13 பெப்ரவரி 2022, காலமை

நேற்றுக் கடைசியா எழுதின பந்தி பிழை. அழிக்கேல்ல, கிடக்கட்டும், ஏனெண்டால் இதே பிழையைக் கன பேர் சொல்லித் திரியினம்.

ஒரு அம்பியருக்கு எவ்வளவு எண்ட கணக்கு சரிதான். ஆனால் ரெண்டும் ஒரே சைஸ் மோட்டர். 4400 இல உள்ளுக்க சுத்தின கம்பியின்ர சுத்து குறைவு, கம்பி தடிப்பு. அதால தடையும் குறைவு, 3500 இன்ர தடையில 63 வீதம் அளவில வரும். அதே டோர்க்கை எடுக்க 4400க்கு 1.26 மடங்கு அம்பியர் வேணும், அதை வர்க்கப்படுத்தினால் 1.58, அதை 0.63 ஆல பெருக்கினால் திரும்ப 1 தான் வருது. விளங்குதோ? ஒரே டோர்க்குக்கு ரெண்டு மோட்டரும் உள்ளுக்குள்ள ஒரே அளவு சூட்டைத்தான் எரிக்குது. ஒருத்தனும் மற்றவனை விடப் பலசாலி இல்லை, கியர்தான் வேற.

ஆனால் மோட்டருக்கு வெளியில சமன் இல்லை. அந்தக் கூடின அம்பியர் ஈ.எஸ்.சி.க்குள்ளால (மோட்டரின்ர வேகத்தைக் கட்டுப்படுத்துற பெட்டி), வயருக்குள்ளால, கனெக்டருக்குள்ளால, பற்றறிக்குள்ளால எல்லாம் போகவேணும், அதுகள் தடிப்பாகேல்லையே. 4400 போட்டவையின்ர பற்றறி கெதியா ஊதுறதுக்கு ஒரு காரணம் இதுதான் எண்டு நினைக்கிறன்.

13 பெப்ரவரி 2022, பின்னேரம்

பலத்தைப் பாக்கிறதெண்டால் தராசில போட்டுப் பாரும். செம்பும் இரும்பும் காந்தமும் கூட இருந்தால் பலம் கூட. நகைக்கடைத் தராசு தேவையில்லை, பலசரக்குக் கடையில இருக்கிற எலக்ட்ரோனிக் தராசு போதும். மோட்டரில அடிச்சிருக்கிற நாலு இலக்கத்தில முதல் ரெண்டும் ஸ்டேட்டரின்ர (உள்ளுக்க சுத்தாம நிக்கிற, கம்பி சுத்தின பகுதியின்ர) விட்டம், பின் ரெண்டும் உயரம். 2221 எண்டால் 22 மில்லிமீட்டர் விட்டம், 21 உயரம். ஆனால் சில கொம்பனி வெளியில சுத்துற கோப்பையை அளந்து நம்பர் போடுது, அப்ப ஒரே மாதிரி நம்பர் இருந்தாலும் உள்ளுக்க சின்ன மோட்டராக் கிடக்கும். அதாலதான் தராசு எண்டுறன்.

20 பெப்ரவரி 2022

4400 ஐ வேண்டாம் எண்டு இவ்வளவு வேகமாச் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. 2018 இல நானும் அதையே வாங்கினனான். 13 பல்லோட பூட்டிப்போட்டு, ஹெட்ஸ்பீட் (மேல பிளேட் சுத்துற வேகம்) கூடிப்போச்செண்டு திறொட்டிலை 70 வீதத்துக்கு இறக்கி ஓடினன். அது நல்லம் எண்டு நினைச்சன், பற்றறி மிச்சம் பிடிக்கும் எண்டும் நினைச்சன். ரெண்டும் இல்லை. ஈ.எஸ்.சி. முழுத் திறொட்டிலில ஓடேக்க தான் ஆறுதலா இருக்கும், பாதியில வச்சால் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி விடவேணும், ஒவ்வொரு வெட்டுக்கும் சூடு. நாலு நிமிசத்தில இறக்கிக் கை வச்சால் ஈ.எஸ்.சி.யிலயும் கை வைக்கேலாது, மோட்டரிலயும் கை வைக்கேலாது.

பினியனைச் சின்னனாக்கிப் பாத்தன், 11 பல்லு. அப்பவும் 3040. 9 பல்லு போட்டால் 2500க்கு வரும், ஆனால் அவ்வளவு சின்னப் பினியனில பல்லின்ர அடி மெலிஞ்சு போகும், பெரிய கியரையும் தின்னும், தேடினாலும் கிடைக்காது.

ஒரு மாதம் இப்பிடியே ஓடினது. ஒருநாள் ஹெலி எழும்பேக்க ஏதோ இளைச்ச மாதிரி இருந்தது. பினியனைக் கழட்டிப்போட்டு மோட்டரைச் சும்மா சுத்தவிட்டு மீட்டர் வச்சுப் பாத்தால், வாங்கின புதுசில எழுதி வச்ச அம்பியரை விட ரெண்டு மடங்கு இழுக்குது, சுத்தும் கூடியிருக்கு. சுத்து கூடினதைப் பாத்து முதல்ல சந்தோசப்பட்டனான், பிறகுதான் விளங்கினது காந்தம் செத்துக்கொண்டு வருதெண்டு. காந்தம் பலவீனமானால் கேவி கூடும். அப்ப தம்பியின்ர கேள்விக்கு அதைவிட நல்ல மறுமொழி ஒண்டும் இல்லை: சாகிற மோட்டருக்கும் கேவி கூடுது.

புது மோட்டர் வந்த அண்டைக்கே பாரமில்லாம ஓடவிட்டு எத்தினை அம்பியர் எண்டு கொப்பியில எழுதி வையும். பிறகு பாக்க அது ஒண்டுதான் ஆதாரம்.

21 பெப்ரவரி 2022

காந்தம் எந்தச் சூட்டில சாகும் எண்டு ஒருத்தர் கேட்டிருக்கிறார். நியோடிமியம் காந்தத்தில எழுத்து ஒண்டும் பின்னால இல்லாத சாதாரண வகை 80 பாகை வரை, எச் 120, எஸ்.எச் 150, யூ.எச் 180. மலிவு மோட்டரில என்ன வகை போட்டிருக்கு எண்டு ஆரும் எழுதுறேல்லை, அதால சாதாரண வகை எண்டே வச்சுக்கொண்டு பறவுங்கோ. செம்பும் அப்பிடித்தான், 25 பாகையில இருந்து 100க்குப் போனால் தடை 30 வீதம் அளவில கூடும், தடை கூடினால் இன்னும் சூடு, அது ஒரு வட்டம்.

என்ர அளவு விரல். இறக்கின உடனை மோட்டரில விரல் வச்சு அஞ்சு செக்கன் பொறுக்கலாம் எண்டால் சுகம். பொறுக்கேலாட்டி ஒரு பல்லுக் குறைஞ்ச பினியனுக்கு மாத்து.

27 பெப்ரவரி 2022

அவுட்ரன்னரோ இன்ரன்னரோ எண்டு நல்ல கேள்வி வந்திருக்கு. புத்தகத்தில இருக்கிற மறுமொழி: அவுட்ரன்னரில வெளிக் கோப்பை காந்தத்தோட சுத்தும், டோர்க் கூட, கேவி குறைவு. இன்ரன்னரில உள்ளுக்க தண்டு காந்தத்தோட சுத்தும், வெளிக் கூடு மூடியிருக்கும், கேவி கூட, கியர் கூட வேணும். 450 சைஸில அவுட்ரன்னர்தான் நடப்பு, நானும் அதுதான்.

ஆனால் எங்கட பக்கத்தில ஒரு விசயம் இருக்கு, அதை வெளிநாட்டுக்காரர் எழுத மாட்டினம். மண். முல்லைத்தீவுக் கடற்கரையில ஒருக்கா இறக்கினனான், பின்னேரக் காத்து ஆறுதலா இருந்தது, இடமும் வெளி. திரும்ப எழுப்பினால் கறகறவெண்டு ஒரு சத்தம். கழட்டிப் பாத்தால் காந்தம் முழுக்கக் கறுப்பு மா மாதிரிப் பிடிச்சுக் கிடக்கு. அது சும்மா மண் இல்லை, கொக்கிளாய், புல்மோட்டைப் பக்கம் இருக்கே இல்மனைட், அதுவும் அதோட வாற கறுப்பு மணலும். பலமான காந்தம் கிட்டப் போனால் விடாது. துணியால துடைச்சால் போகாது, தட்டினாலும் போகாது. கடைசியா செலோடேப்பை விரலில திருப்பிச் சுத்தி ஒத்தி ஒத்தித்தான் எடுத்தன், ரெண்டு மணித்தியாலம். மூடின இன்ரன்னருக்கு இந்தப் பிரச்சினை மிச்சம் குறைவு. கடற்கரையில மட்டும் பறக்கிறவர் எண்டால் இன்ரன்னரை யோசிக்கலாம்.

வயலுக்க வேற மாதிரி. அருவி வெட்டு முடிஞ்ச வெளி எங்களுக்குக் கிடைச்ச வரம், ஆனால் சப்பி நெல்லும் வைக்கோல் தூசும் காத்தில எழும்பி கோப்பைக்கும் ஸ்டேட்டருக்கும் இடையில போய் இருக்கும். ஒரு துண்டுத் தறப்பாளை விரிச்சு அதில இருந்து எழுப்புங்கோ. இந்த முறை உரம் இல்லாமல் விளைச்சலும் இல்லை, வெட்டின வயலைப் பாக்கவே மனம் வரேல்ல, அது வேற கதை.

28 பெப்ரவரி 2022

நேற்று "செலோடேப்" எண்டு எழுதினது, ப்ளூடக் (சுவரில படம் ஒட்டுற களி) இருந்தால் அது இன்னும் நல்லம் எண்டு வவுனியாவில இருந்து ஒரு அண்ணை சொல்லுறார். செய்து பாத்தன். உண்மை. பத்து நிமிச வேலை.

6 மார்ச் 2022

"ட்ரோனுக்குப் போடுற ஏ2212 1000 கேவி மோட்டர் என்னட்டச் சும்மா கிடக்கு, தண்டும் அதே 3.17 மில்லிமீட்டர் தான், பினியன் அப்பிடியே ஏறும், போடலாமோ?"

ஏறும். பறக்காது. 1000 பெருக்கல் 11.1, அதில 85 வீதம், 11.54 ஆல பிரிக்க 820 சுத்து. 6 செல் போட்டாலும் 1640 தான், அந்த மோட்டரும் 6 செல்லுக்குச் செய்ததில்லை. அதே ஏ2212 இல 2200 கேவி ஒண்டும் இருக்கு, அதை 15 பல்லுப் பினியனோட போட்டு நான் ஒருக்காப் பாத்தனான், 2080 அளவில வந்தது, இடுப்பு உயரத்தில நிண்டது, காத்து அடிச்சோடன வாலைப் பிடிக்கேலாமப் போச்சு. சூடும் கூட. ட்ரோன் மோட்டர் தன்ர விசிறிக் காத்திலயே குளிர்ற மாதிரிச் செய்தது, ஹெலி ஃபிரேமுக்குள்ள பூட்டினால் அந்தக் காத்து இல்லை.

அந்தச் சின்ன ரொய் ஹெலியளில வாற கோர்லெஸ் (நடுவில இரும்பு இல்லாத) மோட்டரைப் பற்றியும் ஒருத்தர் கேட்டார். டபிள்யூ.எல் ரொய்ஸ் வி911 இல தான் நானும் பழகினது, பழக அதைப்போல சாமான் இல்லை. ஆனால் அந்த மோட்டரின்ர பிரஷ் மயிரளவு, சில மணித்தியாலப் பறப்பில தேஞ்சு போகும். மோட்டர் வாங்கேக்க ரெண்டு மூண்டாச் சேத்து வாங்கி வையுங்கோ, அதில ஆராய ஒண்டும் இல்லை.

31 மார்ச் 2022

13 மணித்தியாலம் கரண்ட் இல்லை எண்டு அறிவிச்சிருக்கினம். லிப்போ (ஹெலியின்ர பற்றறி) சார்ஜ் பண்ண வழி கேட்டு மூண்டு பேர். நான் லான்ட்மாஸ்டர் பற்றறியில சார்ஜரைக் கொழுவுறனான், 12 வோல்ட்டில ஓடுற சார்ஜர் எண்டால் சரி, ஆனால் அந்தப் பற்றறியை 12 வோல்ட்டுக்குக் கீழ விழவிடாதையுங்கோ, விடியக் காலமை அப்பா ஸ்டார்ட் பண்ணேக்க தெரியவரும். மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசையில நிக்கிற நேரத்தில ஹெலியைப் பற்றிக் கதைக்கிறது சரியோ எண்டும் யோசிச்சனான். பிறகு, இருட்டுக்க இருந்து மோட்டரைத் துடைச்சுக்கொண்டிருக்கேக்க தான் கொஞ்சம் மனம் ஆறினது, அதையும் எழுதுறன்.

16 ஏப்ரல் 2022

வருசத்துக்கு எல்லாரும் வீட்டில. இதை எழுதுவமோ விடுவமோ எண்டு ரெண்டு கிழமையா இருந்தனான்.

என்ர அம்மம்மாக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளாது. எங்கட பக்கத்தில வளந்தவைக்கு விளக்கத் தேவையில்லை, யுத்த காலத்தில மேல நிண்டு பாக்கிற ஆளில்லா விமானத்துக்கு நாங்கள் வச்ச பேர் வண்டு. இராப்பகலா ஒரே இரைச்சல், அது சுத்தினால் பிறகு என்ன வரும் எண்டு சனத்துக்குத் தெரியும். 2018 இல அந்த 4400 ஐ முதல்முதல் முத்தத்தில எழுப்பின அண்டைக்கு அம்மம்மா அடுப்பில இருந்த உலையை அப்பிடியே விட்டிட்டு, என்ர தங்கச்சியைக் கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு, மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால முந்திப் பங்கர் இருந்த இடத்தில போய்க் குந்தினவ. இப்ப அந்த இடத்தில வாழை நிக்குது. தங்கச்சிக்கு அப்ப பத்து வயசு, அவளுக்கு ஒண்டும் விளங்கேல்ல, அம்மம்மாவின்ர கை நடுங்கினது மட்டும் சொன்னவள்.

அண்டையில இருந்து வீட்டுப்பக்கம் எழுப்பினதில்லை. வயலுக்குத்தான் கொண்டு போறனான். ஆனால் சத்தத்தை விளங்கிக்கொள்ளவேணும் எண்டு அண்டைக்குத்தான் தொடங்கினன், மோட்டரைப் பற்றி எனக்குத் தெரிஞ்சதில பாதி அதால வந்தது.

ஹெலியில சத்தம் மூண்டு இடத்தில வருது. பிளேட் ரெண்டும் காத்தை அடிக்கிறது, 2800 சுத்தில செக்கனுக்கு 93 தடவை அடிக்கும், அது கீழ்ச் சத்தம். கியர் பல்லுக் கடிக்கிறது, 150 பல்லு, அதே வேகத்தில செக்கனுக்கு 7000 கடி, அதுதான் காதைத் துளைக்கிற கீச்சுச் சத்தம். மூண்டாவது மோட்டரும் ஈ.எஸ்.சி.யும் சேந்து போடுற இரைச்சல். ஹெட்ஸ்பீடை 2000க்குக் கொண்டுவந்தால் பிளேட் அடி 67க்கும் கியர்க் கடி 5000க்கும் இறங்கும், நுனி வேகமும் குறையும், சத்தத்தின்ர குணமே மாறும்.

அதைத் திறொட்டிலைக் குறைச்சுச் செய்யக்கூடாது, மேல எழுதின அதே சூடு வரும். கணக்கைத் தலையில இருந்து கீழ கொண்டுவரவேணும். பிளேட் எத்தினை சுத்து வேணும் எண்டு முதல் முடிவெடு, பிறகு கியர், பிறகு பற்றறி, கடைசியா மோட்டர். எனக்கு 2000 வேணும். 3500 கேவியை 11 பல்லோட போட்டால் முழுத் திறொட்டிலில 2420 வரும், 2000க்கு 83 வீதத்தில ஓடும், கவனருக்கும் (சுத்தை ஒரே அளவில பிடிச்சு வைக்கிறது) மிச்சம் கொஞ்சம் இடம் இருக்கும். மோட்டர் மாத்தத் தேவையே இல்லை, ஒரு சின்னப் பினியன். நான் மூண்டு மோட்டர் வாங்கின பிறகுதான் இது பிடிபட்டது, அதைத்தான் மல்லாவித் தம்பிக்குச் சொல்ல வந்தனான்.

2000 இல பறப்பு வேற மாதிரி. தூக்கு வேகத்தின்ர வர்க்கத்தோட போறதால அதே பிட்ச்சில (பிளேட்டின்ர சரிவில) பாதித் தூக்குத்தான் வரும், பிட்ச்சைக் கூட்டவேணும். வாலும் சோம்பும், வாலைப் பிடிக்கிற கைரோவின்ர கெயினைக் கூட்டவேணும். தலைகீழாப் பிரட்டி விளையாட ஏலாது. சோளகக் காத்துத் தொடங்கினால் காலமை ஏழு மணிக்கு முதல் மட்டும்தான். எனக்குப் போதும்.

17 ஏப்ரல் 2022

நேற்று எல்லாத்தையும் ஹெட்ஸ்பீடின்ர தலையில போட்டிட்டன். இண்டைக்குத் திரும்ப யோசிச்சால், 2000க்கு இறக்கின அந்தக் கிழமை ஈ.எஸ்.சி.யின்ர பி.டபிள்யூ.எம். ஐயும் (செக்கனுக்கு எத்தினை தடவை வெட்டுறது எண்டது) 8 இல இருந்து 16 கிலோஹேர்ட்ஸுக்கு மாத்தினனான். சிணுங்கல் போனதில பாதி அதால தான் இருக்கும். அதுக்கு விலை ஈ.எஸ்.சி. சூடு கொஞ்சம் கூட. ரெண்டையும் ஒண்டா மாத்தினால் எது எதைச் செய்தது எண்டு சொல்லேலாது. சரிவு வெட்டுக் கியர் போட்டவை இன்னும் அமைதி எண்டினம், கையில எடுத்துப் பாத்தனான், பறந்து பாக்கேல்ல.

டைமிங் (ஈ.எஸ்.சி. எத்தினை பாகை முந்தி மின்னை மாத்திக் குடுக்கிறது எண்டது) கேட்டவருக்கு: அவுட்ரன்னரைப் 15 பாகையில தொடங்கும், இன்ரன்னரைக் குறைவா வையும். கவனர் போடேக்க காந்த எண்ணிக்கையைச் சரியாக் குடும், இல்லாட்டி அது காட்டுற சுத்து எல்லாம் பொய்.

8 மே 2022

இதையும் எழுதவேணும். மோட்டர் நடுவானில நிண்டால் ஒன்வே பெயரிங் (ஒரு பக்கத்துக்கு மட்டும் பிடிக்கிற பெயரிங்) இருக்கிறதால பிளேட் தன்ரபாட்டில சுத்தும், பிட்ச்சை இறக்கி ஆட்டோரொட்டேஷனில மெதுவா இறக்கலாம், ஆனால் எங்க இறங்கும் எண்டது உங்கட கையில முழுக்க இல்லை. போய் எடுக்கக்கூடிய இடத்துக்கு மேல மட்டும் பறவுங்கோ. மிதிவெடிப் போர்ட் நிக்கிற பத்தைக்கு மேல போகாதையுங்கோ, ஒரு மோட்டருக்காக உள்ளுக்க இறங்காதையுங்கோ. ஆமிக் காம்புகளுக்குப் பக்கத்தில எழுப்பவே வேண்டாம். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின்ர அனுமதி என்ன வேணும் எண்டு முதலே கேட்டு எடுத்து வையுங்கோ.

2 ஜூலை 2022

பெற்றோல் வரிசையில இருந்து எழுதுறன். மல்லாவித் தம்பி 3500 ஐ எடுத்திட்டார், கனடாவில இருந்து வந்த சித்தப்பாவின்ர பையுக்குள்ள வந்து சேந்திருக்கு. 13 பல்லோட பூட்டி ஆறு நிமிசம் பறந்தவராம், விரல் மூண்டு செக்கன் தான் பொறுத்ததாம். வெயில் 35 பாகை, மத்தியானம் 12 மணி. தம்பி, 25 பாகையில இருந்து 35க்குப் போனால் காத்தின்ர அடர்த்தியே 3 வீதம் குறையும், குளிர்த்தவும் காத்து இல்லை. மோட்டரில பிழை இல்லை, நேரத்தில தான் பிழை. 12 பல்லு போடும், 2640 வரும்.

நைட்ரோ எஞ்சின் போடச் சொன்னவருக்கு: மெதனோலுக்கும் நைட்ரோமெதேனுக்கும் இப்ப எங்க போறது?

24 செப்டெம்பர் 2022

இந்த வருசத்தில கடைசிப் பறப்பு முடிஞ்சுது. காலபோகத்துக்கு உழவு தொடங்கப்போயினம், பிறகு வெளியெல்லாம் தண்ணி. மோட்டரைக் கழட்டித் துடைச்சு, பெயரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பாரமில்லாம ஓடவிட்டுப் பாத்தன். கொப்பியில எழுதி வச்ச அம்பியர் அப்பிடியே நிக்குது, மூண்டாவது வருசம்.

அம்மம்மா போன கிழமை கேட்டவ, "உது இப்ப சத்தம் போடுறேல்லையோ, நீ வயலுக்குக் கொண்டுபோறதைக் காணுறன், ஒண்டும் கேக்குதில்லை". கேக்காதெண்டு சொன்னன். வீட்டுப்பக்கம் கொண்டுவரட்டோ எண்டு கேக்கேல்ல, அவவும் சொல்லேல்ல.

தம்பி, 12 பல்லுப் பினியன் கடையில இல்லை எண்டு எழுதியிருந்தீர். என்னட்ட ஒண்டு மிச்சம் கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சிக்குப் போறன், முறிகண்டியில பஸ் நிக்கும், கச்சான் கடைப் பக்கம் பத்து மணிக்கு நிப்பன், வந்து வாங்கும். பழைய பினியனின்ர கிறப் ஸ்குரூவை (பினியனைத் தண்டோட பூட்டுற சின்ன ஸ்குரூ) இறுக்கித் திருகாதையும், கம் போட்டிருக்கும், ஈயம் பிடிக்கிற அயனை ஸ்குரூவில அரை நிமிசம் வச்சுச் சூடாக்கிப்போட்டுத் திருகும், இல்லாட்டி தலை வழுக்கும்.